நீ அழித்த நாற்பத்தோரு ஆடுகள்

சரவணா,

நலமா என்று கேட்கப் போவதில்லை. நீ நலமாகத்தான் இருக்கிறாய். போன வாரம் உன் போட்டோவைப் பார்த்தேன், கன்னம் பூசியிருந்தது. உன் அத்தை ராசாத்திதான் நலமாக இல்லை. அவளுடைய ஆடுகள் நலமா என்று கேட்டால், எந்த ஆடு என்று திருப்பிக் கேட்கிறார்கள். அப்படிக் கேட்க வைத்தவன் நீ. போனில் பேசினால் "அம்மா, மீட்டிங்ல இருக்கேன்" என்கிறாய். வாட்ஸ்அப்பில் எழுதினால் இரண்டு நீலக் கோடுகளைக் காட்டிவிட்டுப் போய்விடுகிறாய். பெற்றவளுக்கு நீ போடும் பட்டை நாமம் அது, கலர்தான் வேறு. அதனால் உன் சிநேகிதர்கள் படிக்கிற இணைய இதழுக்கே இதை அனுப்புகிறேன். அவர்கள் படித்துவிட்டு உனக்கு அனுப்புவார்கள், அப்போது படித்துத்தானே ஆக வேண்டும்? எனக்கு வயது ஐம்பத்தாறு. வாய்க்கு மட்டும் இன்னும் பதினாறு. அந்த வாய் இன்றைக்குக் கொதித்துக்கொண்டிருக்கிறது, சுடும். பொறுத்துக்கொள்.

நம்மைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் முதலிலிருந்தே சொல்கிறேன். திண்டுக்கல்லில் நானும் உன் அப்பாவும் முப்பது வருடமாகக் கல்யாண வீடியோ எடுக்கிறோம். அவர் கேமராவைப் பிடிப்பார், நான் உட்கார்ந்து வெட்டி ஒட்டுவேன். எங்கள் தொழிலில் அதற்கு மிக்ஸிங் என்று பெயர். அந்த மிக்ஸிங் அறையிலேயே வளர்ந்து, சென்னைக்குப் படிக்கப் போய், இப்போது நீ வீடியோ கலைஞன் ஆகியிருக்கிறாய். சினிமாவில் கதை இருக்கும், கல்யாண வீடியோவில் பந்தி இருக்கும், உன் வீடியோவில் இரண்டும் இருக்காது. வெள்ளைச் சுவரில் ஓடும், ஜனங்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்ப்பார்கள். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. கதை இல்லாமல் ஒரு மனிதரை இருபது நிமிடம் நிற்க வைக்க நம் பக்கத்தில் ரேஷன் கடையால்தான் முடியும், உன்னாலும் முடிகிறது. பெருமைதான்.

போன வருடக் கோடையில் கேமராவோடு வந்தாய். கொடைரோட்டுக்குப் பக்கத்தில் அத்தை ஊரில் மூன்று மாதம் தங்கினாய். ஊருக்குத் தெற்கே பாறையும் புல்லும் கிளுவையும் மண்டிய ஒரு குன்று இருக்கிறது. மலை என்று சொல்ல உயரம் போதாது, மேடு என்றால் அது கோபித்துக்கொள்ளும். நாங்கள் கரடு என்போம். அதன் அடிவாரத்தில் ட்ரைபாடை ஊன்றி, அத்தையின் நாற்பத்தோரு ஆடுகள் காலையில் ஏறுவதையும் சாயங்காலம் இறங்குவதையும் தினமும் எடுத்தாய். அவள் வைத்த கருவாட்டு வெஞ்சனத்தைச் சட்டியோடு வழித்துச் சாப்பிட்டாய். தாய் சேர்க்காத குட்டி ஒன்றுக்குப் பாட்டிலில் பால் புகட்டி, அதற்கு ஜூம் என்று பேரும் வைத்தாய். பிறகு சென்னைக்குப் போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து நாற்பத்தோரு ஆடுகளையும் அழித்தாய். ஆடு வருவதற்கு முன்னால் எடுத்து வைத்திருந்த வெறும் கரட்டை, ஒவ்வொரு ஆட்டின் மேலும் ஒட்டு ஒட்டாக வைத்து மறைத்தாய். ஜூமையும் மறைத்தாய். கையில் தொரட்டியோடு பின்னால் போன அத்தையையும் மறைத்தாய். ஆடுகளின் கழுத்து மணிச் சத்தத்தை மட்டும் விட்டுவைத்தாய். இருபத்திரண்டு நிமிடம் ஆளும் ஆடும் இல்லாத கரடு, காதில் மட்டும் மணி. அதற்கு நீ வைத்த பெயர் "தரிசு".

அதை ஒரு கண்காட்சியில் காட்டுகிறார்கள் என்று எங்களைச் சென்னைக்குக் கூப்பிட்டாய். அப்பாவுக்கு முழங்கால் வலி. நானும் ராசாத்தியும் வந்தோம். அவள் தன் மகள் கல்யாணத்துக்குக் கட்டிய பட்டைக் கட்டிக்கொண்டு வந்தாள். உன் அறைக்கு முந்தின அறையில் வேறு ஒரு பெண் எடுத்த வீடியோ ஓடியது. சுவர் முழுக்க ஒரே ஒரு எருமைக் கண். எல்லோரும் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ராசாத்தி சத்தமாகச் சொன்னாள்: "மதினி, இம்புட்டுப் பெரிய கண்ணுல ஓரத்துல பாரு, பூளை தள்ளியிருக்கு. எருமைக்குக் கண்ணு நோவு. எடுத்த பிள்ளை மருந்து போட்டுச்சா என்னன்னு கேளு." நான் அவளை இழுத்துக்கொண்டு நகர்ந்தேன். ஆனால் நானும் ஒன்றைப் பார்த்துவிட்டேன். அந்தக் கருவிழிக்குள் கேமராவும் அதைப் பிடித்து நின்ற பெண்ணும் தெரிந்தார்கள். எங்கள் தொழிலில் அது பிழை, உடனே துடைப்போம். அவள் துடைக்கவில்லை. எருமை தன்னைப் பார்த்துக்கொண்டிருந்தது என்பதை அவள் ஒளிக்கவில்லை. இதை அன்றைக்கு உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

உன் அறைக்கு வந்தோம். ராசாத்தி சுவரின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை தேடினாள்.

"ஏ மதினி, இது நம்ம கரடுதான?"

"நம்ம கரடுதான்."

"மணி கேக்குது. ஆட்டக் காணமே?"

அவள் திரைக்குப் பக்கத்தில் போனாள். நாக்கை மடித்து "ட்ர்ர்ர்... ஹேய்" என்று ஆட்டைக் கூப்பிட்டாள். ஒரு தடவை இல்லை, நாலைந்து தடவை. சுற்றியிருந்தவர்கள் செல்போனை எடுத்துப் படம் பிடிக்க ஆரம்பித்தார்கள். இதுவும் உன் ஏற்பாடு என்று நினைத்து ஒரு பெண் கைதட்டினாள். நீ ஓடி வந்து அத்தையின் தோளைப் பிடித்தாய்.

"அத்தே, ஆடு இல்லாமப் போச்சுங்கிறதுதான் அத்தே படமே."

"எங்கப்பு போச்சு? வரும்போது பட்டியில அடைச்சுட்டுத்தான வந்தேன்?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதைத்தான் முதலில் ஒப்புக்கொள்கிறேன். அங்கே நின்றவர்களில் அவள் கேட்டது எவ்வளவு சரியான கேள்வி என்று தெரிந்திருக்க வேண்டிய ஒரே ஆள் நான். ஆனால் நான் அப்போது வேறு ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆடுகளை அழித்தாய், அவை கிளப்பின புழுதியை விட்டுவிட்டாய். கால் இல்லாமல் புழுதி மட்டும் வரிசையாகக் கரடேறியது. மற்றபடி ஒரு விளிம்பு பிசிறவில்லை, ஒரு நிழல் தங்கவில்லை. என் பிள்ளை என்னைவிடச் சுத்தமாக அழிக்கிறான் என்று எனக்குக் கர்வம். அத்தை கலங்கி நிற்கிறாள், அம்மா மார்க் போட்டுக்கொண்டிருக்கிறாள். நல்ல குடும்பம்!

இப்போது நீ அறிய விரும்பாத விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் கரட்டில் சூரிய மின்சாரத் தகடு பதிக்க ஒரு கம்பெனி கேட்டிருக்கிறது. கரடு அரசாங்க நிலம். பழைய பதிவேட்டில் அது மேய்க்கால் புறம்போக்கு, அதாவது ஊர் ஆடு மாடு மேய்வதற்கென்று விட்டது. மேய்ச்சல் நடக்கிறவரை அதைத் தொடுவது கஷ்டம். மேய்ச்சலே இல்லை என்று ஆகிவிட்டால் வகைப்பாட்டை மாற்றி எழுதிக் குத்தகைக்குக் கொடுக்கலாம். மாற்றி எழுதுகிற சொல் என்ன தெரியுமா? தரிசு. போஸ்டரில் பார்க்க அழகாக இருக்கிறது என்று நீ பொறுக்கினாயே, அதே மூன்றெழுத்து. உனக்கு அது கவிதை. தாலுகா ஆபீஸில் அது ஒரு ரப்பர் ஸ்டாம்ப்; குத்தினால் நிலம் போய்விடும். மூன்று மாதம் அங்கே சாப்பிட்டவன், தலைப்பு வைப்பதற்கு முன்னால் அத்தையிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், "அடக் கிறுக்கா, தரிசுன்னா ஒண்ணுமில்லாதது, இது மேய்க்காலு" என்று சொல்லியிருப்பாள். மேய்க்காலில் இருந்த காலை உடைத்தவன் நீ.

போன திங்கட்கிழமை பஞ்சாயத்து ஆபீஸில் தாலுகா அதிகாரி முன்னால் விசாரணை. ஊரில் மற்றவர்கள் ஆட்டை விற்று வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். மிஞ்சியிருக்கிற மந்தை ராசாத்தியுடையது ஒன்றுதான். அதனால் அவள் சொல்தான் சாட்சி. நானும் அப்பாவும் துணைக்குப் போனோம். அவள் காலையிலேயே நாற்பத்தோரு ஆட்டையும் கரட்டில் ஏற்றிவிட்டு வந்திருந்தாள், ஜன்னல் வழியாகப் பார்த்தாலே தெரிந்தது. கம்பெனி ஆள் மரியாதையானவன்தான். எழுந்து சொன்னான்: "சார், இன்னிக்கு ஒரு நாள் ஓட்டிக் காட்டுறது பெரிய விஷயமில்ல. வருஷம் பூரா மேயுதாங்கிறதுதான் கேள்வி. நாங்க எதுவும் சொல்லல. இந்தம்மாவோட அண்ணன் மகனே இங்க மூணு மாசம் தங்கி எடுத்த படம் இது. பேரே தரிசுதான் சார்." சொல்லிவிட்டு லேப்டாப்பைத் திருப்பி வைத்தான். நீ இணையத்தில் போட்டு வைத்திருந்த படம் ஓடியது. பேசிக்கொண்டே காட்டுவதற்கு வசதியாகச் சத்தத்தை மியூட்டில் போட்டுவிட்டான். நீ கருணையோடு விட்டுவைத்த மணிச் சத்தம் ஒரு பட்டனில் போயிற்று. மிச்சம் இருந்தது கல்லும் புல்லும்.

ராசாத்தி எழுந்தாள். "ஐயா, அதுல எம் ஆடு அம்புட்டும் இருந்துச்சுங்கய்யா. எம் மருமகன் அழிச்சுப்புட்டான்."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "அழிச்சுட்டாரா? எதுக்கும்மா?"

"ஆர்ட்டுக்குங்கய்யா."

"ஆட்டுக்கா?"

"இல்லீங்கய்யா. ஆர்ட்டுக்கு. ஆர்ட்டுக்காக ஆட்ட அழிச்சுட்டான்."

கூடம் முழுக்கச் சிரிப்பு. இந்தச் சிலேடையை நான் கட்டியிருந்தால் ஒரு வாரம் சொல்லிச் சொல்லித் திரிந்திருப்பேன். அவள் சிலேடை கட்டவில்லை, சரவணா. உண்மையைச் சொன்னாள். உண்மை வாயைத் திறந்ததும் ஜோக்காக மாறுகிற மாதிரி நீ செய்து வைத்திருக்கிறாய்.

நான் எழுந்தேன். முப்பது வருட மிக்ஸிங்காரி, எனக்குத் தெரியாததா? "ஐயா, புழுதியப் பாருங்க. கால் இல்லாமப் புழுதி கிளம்புமா?" என்றேன். "காத்துதாங்க" என்றான் கம்பெனி ஆள். "காத்து என்னப்பா, ஒண்ணு பின்னால ஒண்ணா வரிசையிலயா போகும்? பள்ளிக்கூடம் விட்டா வருது?" அதிகாரி குனிந்து பார்த்தார், உண்மையாகவே பார்த்தார். அப்போதுதான் பின்னாலிருந்து ஒருத்தன் குரல் கொடுத்தான். "ஏக்கா, எங்க மாமன் கல்யாணத்துல கண்மாயில அன்னப்பறவை நீந்த விட்டவுக நீங்கதான? அந்தக் கண்மாயில அன்னைக்குத் தண்ணியே இல்லையேக்கா!"

அவ்வளவுதான். சிரிப்பு அடங்க ரொம்ப நேரம் ஆயிற்று. உன் அப்பாவே குனிந்துகொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். அதிகாரி தன்மையாகத்தான் சொன்னார்: "அம்மா, உங்களச் சந்தேகப்பட்டுச் சொல்லல. அழிக்கத் தெரிஞ்சவுகளுக்குச் சேக்கவும் தெரியும்ல? நாளைக்கு நீங்க ஆட்டோட ஒரு வீடியோ கொண்டாந்தா அத எப்படி நான் நம்புறது? எடுத்த தம்பியே அசலக் கொண்டாரட்டும். நான்தான் அழிச்சேன்னு எழுதிக் கையெழுத்துப் போடட்டும். அடுத்த திங்கக்கிழமை பதினோரு மணி." எழுதிக்கொண்டு போய்விட்டார். அவர் மேல் தப்பில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் என்னை நம்பியிருக்க மாட்டேன்.

அந்த அன்னத்தின் கதையை இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும். ஏனென்றால் அதில் நீயும் இருக்கிறாய். பின்னாலிருந்து கத்தியவன் சொன்ன கல்யாணம் ஒன்றுதான், ஆனால் நான் விட்ட அன்னங்கள் ஏராளம். காய்ந்த கண்மாயில் விட்டேன், பஸ் ஸ்டாண்டு பின்னணியில் அருவி ஊற்றினேன், மாப்பிள்ளை நடந்து வந்த கருவேலங்காட்டில் மான் மேய விட்டேன். கேட்டார்கள், செய்தேன். தெரு நாய், குப்பைத் தொட்டி, கரண்டுக் கம்பம், கழுதை, எது சட்டகத்துக்குள் வந்தாலும் தூக்கிவிடுவேன். நம் அறையில் அதற்குச் "சுத்தம் பண்றது" என்று பெயர். நீ மூன்றாம் வகுப்பிலிருந்து அந்த வார்த்தையைக் கேட்டு வளர்ந்தவன். உயிருள்ள ஒன்றைக் காணாமல் ஆக்குவதற்குச் சுத்தம் என்று உனக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தான்.

பாலசமுத்திரத்துப் பக்கம் ஒரு கல்யாணம் எடுத்தோம், நினைவிருக்கிறதா? பெண் வீட்டில் ஒரு மயிலைக் காளை. அந்தப் பெண் கன்றிலிருந்து வளர்த்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் காரில் கிளம்பியபோது அது கயிற்றை அறுத்துக்கொண்டு காருக்குப் பின்னாலேயே மெயின் ரோடு வரை ஓடியது. அப்பா மனிதர் கேமராவை இறக்கவே இல்லை, முழுசாக எடுத்துவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் பார்த்துவிட்டு, "மாடு தொரத்துற மாதிரி இருக்குதுங்க, அபசகுனமா இருக்குதுங்க, எடுத்துருங்க" என்றார்கள். எடுத்தேன். அந்த இடத்தில் அருவியைப் போட்டேன். பக்கத்தில் ஐந்தாம் வகுப்புப் பையனாக உட்கார்ந்திருந்த நீ, "அருவி பத்தாதும்மா, ரெண்டு அன்னத்த விடு" என்றாய். விட்டேன். நீ கைதட்டினாய். பிறகு அந்த அசல் டேப்பின், அதாவது மாஸ்டரின், மேலேயே வேறு ஒரு காதுகுத்து விசேஷத்தை எடுத்துவிட்டோம்.

நீ பன்னிரண்டாவது படிக்கும்போது அந்தப் பெண் நம் ஸ்டுடியோவுக்கு வந்தாள். இடுப்பில் குழந்தை. "ஏனுங்க்கா, அன்னிக்கு எங்க மயிலை கார் பின்னாலயே ஓடி வந்துச்சுங்களே, அது மட்டும் வேணுமுங்க. மத்த கல்யாணமெல்லாம் எனக்கு வேண்டாமுங்க" என்றாள். மாடு செத்துப்போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "டேப்புல பூஞ்சை பிடிச்சிருச்சும்மா" என்றேன். அவள் நம்பினாள். "பரவாயில்லீங்க்கா" என்று எனக்கே ஆறுதல் சொல்லிவிட்டுப் போனாள். நீ வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாய். நான் பொய் சொல்கிறேன் என்று உனக்குத் தெரியும். நீ ஒன்றும் கேட்கவில்லை, நானும் ஒன்றும் சொல்லவில்லை. இதைப் படிக்கிறவர்களில் அந்தப் பெண்ணைத் தெரிந்தவர்கள் இருந்தால் சொல்லிவிடுங்கள்: பூஞ்சை எதுவும் பிடிக்கவில்லை. நான்தான் அழித்தேன்.

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டின்போது நான் உன்னிடம் சொன்னது ஒன்றே ஒன்று. "எத வேணாலும் மறை, மாஸ்டர்ல மட்டும் கை வைக்காத." அதை நீ இன்று வரை காப்பாற்றுகிறாய் என்று எனக்குத் தெரியும். கரட்டில் எடுத்த மூன்று மாதக் காட்சியும், நாளும் நேரமும் பதிவாகி, ஆடும் அத்தையும் தொரட்டியுமாக, இரண்டு ஹார்ட் டிஸ்கில் உன்னிடம் இருக்கிறது. அதனால்தான் விசாரணை முடிந்த கையோடு பஞ்சாயத்து ஆபீஸ் வாசலிலிருந்தே உனக்குப் போன் போட்டேன். அன்றைக்கு அதிசயமாக எடுத்தாய். முழுசாகக் கேட்டாய். பிறகு சொன்னாய்: "அம்மா, அத வெளிய குடுத்தா அது டாக்குமென்டரி ஆயிரும்மா. இல்லாமையக் காட்டுறதுதான் என் ஒர்க்கு. வெளிநாட்டுல ரெண்டு இடத்துல காட்ட எடுத்திருக்காங்க. நானே போய் அழிச்சேன்னு எழுதிக் குடுத்தா, அதோட மீனிங்கே போயிரும்மா."

மீனிங்! ஏலே, நான் ஒன்று கேட்கிறேன். பட்டியில் நிற்கிற ஆட்டுக்கு என்னடா இல்லாமை? நாளைக்கு ஆடு போய்விடும், கரடு போய்விடும் என்று நீ முன்கூட்டியே துக்கப்பட்டாயாம். ஆள் உள்ளே உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே வாசலில் கண்ணீர் அஞ்சலி பிளக்ஸ் கட்டினால் என்ன ஆகும்? ஊர் பாடையோடு வந்து நிற்கும். வந்து நிற்கிறது. பாம்புகூடப் படம் எடுக்கும். ஆனால் எடுப்பதற்கு முன்னால் சீறியாவது சொல்லும். நீ அத்தை வீட்டுக் கருவாட்டைத் தின்றுவிட்டுப் படம் எடுத்தாய். நீ பிடித்தது படம், அவர்கள் பிடிப்பது இடம். இரண்டும் வேறு வேறு என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய்.

உன் கலையைத் திட்டுகிறேன் என்று நினைக்காதே. ஆட்டையும் மாட்டையும் மலையையும் வெள்ளைச் சுவரில் பெரிசாகக் காட்டி மனிதர்களை வாயடைக்க வைக்கிற வேலை நல்ல வேலைதான். எருமைக் கண் எனக்கு இன்னும் கனவில் வருகிறது. ஆனால் அந்தக் கண்ணுக்குள் அதை எடுத்தவள் நின்றாள். உன் படத்தில் நீ எங்கே நிற்கிறாய்? ஆட்டைத் துடைத்தாய், அத்தையைத் துடைத்தாய், அந்தத் துடைப்பில் உன்னையும் துடைத்துக்கொண்டாய். யாருமே எடுக்காத படம் மாதிரி, கடவுளே எடுத்துக் கொடுத்த மாதிரி அது நிற்கிறது. அதனால்தான் கம்பெனி ஆள் அதை அவ்வளவு சுலபமாகச் சாட்சியாக்கினான். ஒரு நிலத்தைப் படம் எடுத்தால் அதன் பெயரை அங்கே நடக்கிறவர்களிடம் கேட்டு வை. அதில் மேய்ந்ததை அழித்தால், அழித்தேன் என்று உன் கையாலேயே கீழே எழுதி வை. அதனால் செத்துப்போகிற கலை என்றால் சாகட்டும். நாற்பத்தோரு வாயும் ஒரு அத்தையும் சாகாமல் இருந்தால் எனக்குப் போதும்.

நேற்று ராசாத்தி வீட்டுக்குப் போனேன். பட்டியில் ஐந்து சினையாடுகளைத் தனியாகப் பிரித்துக் கட்டியிருந்தாள். எதற்கு என்றேன். வியாழக்கிழமை அய்யலூர் சந்தைக்கு என்றாள்.

"சினையாட்ட யாருடி விப்பா?"

"வித்தா என்ன மதினி. மருமகன் படத்துல ஏற்கெனவே இல்லாமத்தான போச்சு. கரட்டையும் குடுத்துட்டா எத மேயும்? கரண்ட்டையா?" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே ஒரு ஆட்டின் வயிற்றைத் தடவினாள். தடவின கையை எடுக்கவே இல்லை.

எனக்குப் பொய் சொல்ல நன்றாக வரும் என்பது இப்போது ஊருக்கே தெரியும். இன்னொன்று சொன்னேன். திண்டுக்கல்லில் எனக்குத் தெரிந்த கால்நடை டாக்டர் இருக்கிறார், சந்தைக்கு முன்னால் ஒரு தடவை காட்டிவிடலாம், சினை எத்தனை மாதம் என்று தெரிந்தால் நல்ல கிராக்கி என்றேன். வாடகைக்கு ஒரு குட்டியானை வண்டியைப் பிடித்து ஐந்தையும் ஏற்றினேன். குட்டியானையில் குட்டியாடு ஏறிப் பார்த்திருப்பாய், வயிற்றுக்குள் குட்டியோடு ஏறிப் பார்த்திருக்க மாட்டாய். ஐந்தும் இப்போது நம் ஸ்டுடியோவில், போட்டோ எடுக்கிற அறையில் நிற்கின்றன. டாக்டரும் இல்லை, ஒருவரும் இல்லை. உன் அப்பா முழங்காலைப் பிடித்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "ஏ, பின்னால தொங்குற பச்சைத் துணியத் தின்னுதுடி" என்றார். தின்னட்டும் என்றேன். அந்தத் துணிக்கு முன்னால் எதை நிறுத்தினாலும் பின்னால் உள்ள நிலத்தைத்தான் மாற்ற முடியும், நிற்கிறதை அழிக்க முடியாது. அதற்காகவாவது அவை அங்கே நிற்கட்டும். அரைத் துணி போய்விட்டது. சனிக்கிழமை நிச்சயதார்த்தக்காரர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நீ செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமை ரயிலேறு. இரண்டு டிஸ்கையும் பெட்டியில் போடாமல் மடியில் வைத்துக்கொள். திங்கட்கிழமை பதினோரு மணிக்கு அந்தக் கூடத்தில் எழுந்து நில். சிரித்தவர்கள் எல்லோரும் இருப்பார்கள். "நான்தான் அழித்தேன்" என்று அவர்கள் முன்னால் சொல். நான் உன் பக்கத்தில் நின்று, "நான்தான் சொல்லிக்கொடுத்தேன்" என்று சொல்வேன். எனக்கும் அது சுலபமில்லை; முப்பது வருடமாக இந்த ஊரில் கடை வைத்திருக்கிறேன். நீ வரவில்லை என்றால் உன்னைச் சபிக்க மாட்டேன், பிள்ளையில்லை என்று தலைமுழுக மாட்டேன், அதெல்லாம் எனக்கு வராது. ஆனால் யாராவது உன் படத்தைப் பற்றிக் கேட்டால், ஒவ்வொருவரிடமும் அதில் என்ன இருந்தது என்று நாற்பத்தொன்றையும் ஒவ்வொன்றாகச் சொல்வேன். உனக்குத்தான் என் வாய் தெரியுமே.

இதை எழுதி முடிக்கப் போகும்போது ராசாத்தி போன் செய்தாள்.

"மதினி, டாக்டரு என்ன சொன்னாரு?"

"திங்கக்கிழமை வரைக்கும் வச்சிருக்கச் சொன்னாருடி."

"அப்புறம்?"

"அப்புறம் உம் மருமகன் வந்து சொல்லுவான்."

"வாரேன்னு சொன்னானா?" என்று கேட்டாள்.

சொன்னான் என்று சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
பொய் சொல்லியிருக்கும் உன் அம்மா